சேவலோடு நிற்கிறவள்

அந்தப் படத்தில் நிற்கிறவள் பூசாரிச்சி இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். கொழும்பில் அச்சடித்து விற்கிற தபால் அட்டையில், படத்துக்குக் கீழே இங்கிலீஷில் 'ஊவா மலையில் பேய்க்குப் பலி கொடுக்கும் பெண்' என்று போட்டிருக்கிறதாம். படித்துச் சொன்னவன் என் மகன். எந்தப் பேய்க்கு யார் கொடுத்த பலி? அவள் கையில் இருப்பது எங்கள் வீட்டுக் கொல்லையில் திரிந்த சேவல். படம் பிடித்த பிறகும் அது நெடுநாள் இருந்து, விடியுமுன் கூவி எங்கள் உயிரை வாங்கியது.

அந்தக் கண்களைப் பார்த்துத்தான் துரைமார் அட்டையை வாங்குகிறார்கள். இமைக்காமல், நீர் கோத்து, பார்க்கிறவனை விழுங்குகிற மாதிரி நிற்கிற கண்கள். வெறிபிடித்தவள் கண் என்று ஒரு துரைசாணி எங்கள் கடை வாசலில் நின்றே சொன்னாளாம். பெற்றவள் கண்ணுக்கும் வெறிபிடித்தவள் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவள் அவள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

என் பெயர் ஸைனப். பதுளைக் கடைவீதியில் படக்கடை வைத்திருந்த ஜுனைதீன் என் வீட்டுக்காரர். படம் எடுக்க வருகிற பெண்களை உள்ளே அழைத்துத் தலைவாரி, சேலை மடிப்பைச் சரிசெய்து, நாற்காலியில் உட்கார வைப்பது என் வேலை. இவருடைய மாமா லத்தீபுக்கு இந்தத் தொழிலே பிடிக்காது. உருவம் உண்டாக்கினவனிடம் மறுமையில் 'இதற்கு உயிர் கொடு' என்று கேட்பார்கள், அப்போது என்ன செய்யப் போகிறாய் என்று பெருநாளுக்குப் பெருநாள் வந்து கேட்பார். இவர் சிரித்து மழுப்பிவிடுவார். ஆனால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எங்களைத் தேடி வந்தால் அநேகமாகச் சாவுக்குத்தான் வருவார்கள். கங்காணி வீட்டில் யாராவது பெரிய ஆள் போய்விட்டால், பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் முதுகோடு துணியால் கட்டி, மாலை போட்டு, சுற்றிலும் உறவுக்காரர் நின்று ஒரு படம். அது கடல் தாண்டி ஊருக்குப் போனால் அங்கே காரியம் செய்வார்கள். உயிரோடு இருக்கிறவனைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பேச்சு. துரைமார் குடும்பங்களும் இந்தப் பிணங்களும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அதனால்தான் மாரியம்மன் தேரன்று நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இராக்கம்மா என்கிற கொழுந்தெடுக்கும் பெண் வந்து, தன்னைப் படம் பிடிக்க வேண்டும் என்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கூட வந்த பெண்களெல்லாம் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்கள். இவள் மட்டும் உள்ளே வந்து, தலை வாரும்போதே கதையைச் சொன்னாள். மணப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு வறண்ட ஊர். மழை பொய்த்து, புருஷனும் இவளுமாகக் கங்காணி பின்னால் புறப்பட்டிருக்கிறார்கள். வழியில் குழந்தைகள் செத்துச் செத்து விழுகிற கதையைக் கேட்டு, பால் மறந்த மகனைத் தன் ஆத்தாளிடம் விட்டுவிட்டு வந்தாள். வந்த வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மகன் பெயர் மாடசாமி. அவன் வளர்ந்தால் பெற்றவள் முகம் தெரியாமல் வளருவானே என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. படம் போனால், 'இதுதான்டா உன் ஆத்தா' என்று காட்டுவார்கள் இல்லையா?

நாற்காலியில் உட்கார வைத்தோம். தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஒரு இரும்புக் கவை உண்டு, கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி, வெறுங்கழுத்தோடு படம் எதற்கு என்று கோயிலில் கிடைத்த மாலையைக் கொடுத்தனுப்பினாள். நானும் போட்டுவிட்டேன். பதுளையில் எப்போது வானம் இருட்டும் என்று யாருக்குத் தெரியும்? கூரைக் கண்ணாடியில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அசையாதே, கண்ணை மூடாதே என்று சொல்லிவிட்டு இவர் கமராவின் மூடியைக் கழற்றினார்.

தகட்டைக் கழுவி எடுத்தால் கண் மூடியிருக்கிறது. மகன் முகத்தை நினைத்தேன், தானாக மூடிக்கொண்டது என்று பிறகொருநாள் சொன்னாள். நான் இன்னொரு தரம் எடுங்கள் என்றேன். கண்ணாடித் தகடு என்ன மரத்திலா காய்க்கிறது, முகம் தெளிவாக விழுந்திருக்கிறதே, அது போதாதா என்றார் இவர். அவளோ படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனாள். கண் மூடின தன் முகத்தை யார்தான் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்கள்? தூங்கும்போது இப்படித்தான் இருப்பேனா என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஊர்ப்பக்கம் கூலிக்கு ஆள் கட்டப் போன அவள் தோட்டத்துக் கங்காணி அந்தப் படத்தை எடுத்துப் போனார். ஊருக்கே போகாமல் சந்தையில் யாரோ உறவுக்காரனைக் கண்டு, 'இராக்கம்மா படம், அவ ஆத்தாட்ட குடுத்துரு' என்று கையில் திணித்துவிட்டு வண்டியேறிவிட்டார். அதன் பிறகு அவர் ஆள் கட்டுவதும் சேலத்துப் பக்கம் என்றாகிவிட்டது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அடுத்த வருஷம். புதிதாக வந்த ஆட்களில் அழகர் என்று ஒருவன், இராக்கம்மாவின் ஊர்க்காரன், யார் யாரையோ பிடித்து அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். விடியற்காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆட்களெல்லாம் வரிசையில் நிற்க, பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவள் நடந்து வந்திருக்கிறாள். அழகர் அவளைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து ஓடினானாம். பிடித்து நிறுத்தித் தண்ணீர் கொடுத்துக் கேட்டார்கள். பிறகு மெல்லச் சொன்னான். ஊருக்குப் படம் வந்தது. நாற்காலி, மாலை, மூடின கண். உயிரோடு இருக்கிறவளை யார் அப்படிப் படம் பிடிப்பார்கள்? ஆத்தாள் படத்தை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். வைக்கோலில் ஒரு உருவம் கட்டி, பாடையில் வைத்து, மாடசாமிக்கு மொட்டையடித்து, அவன் கையில் கொள்ளியைக் கொடுத்து எரிக்க வைத்தார்கள். காரியம் முடிந்து ஊரே சாப்பிட்டது. அழகரும் சாப்பிட்டானாம்.

நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. உடனே புறப்பட்டுப் போயிருக்கலாமே? கடன் தீர்ந்தது, போகலாம் என்று கங்காணி துண்டுச் சீட்டு கொடுக்காமல் ஒரு ஆள் பக்கத்துத் தோட்டத்துக்கே போக முடியாத காலம் அது. அவள் போய்க் கேட்டாள், அழுதாள், காலில் விழுந்தாள். கொழுந்து பொங்குகிற நேரத்தில் நல்ல கைக்காரியை எந்தக் கங்காணி விடுவான்? அழகரின் கதை வேறு. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் நெஞ்சு கட்டி, இவன் உதவமாட்டான் என்று தோட்டத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். நான் போய்ச் சொல்கிறேன், ஆனால் வெறும் வாயால் சொன்னால் பேயைப் பார்த்துவிட்டு வந்து உளறுகிறான் என்பார்கள், கையில் ஏதாவது வேண்டும் என்றான்.

இப்படித்தான் அவள் இரண்டாம் தடவை எங்கள் கடைக்கு வந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அழகர் இருமிக்கொண்டு பின்னால் நின்றான். அவள் என்னைப் பார்க்கவேயில்லை, நேரே இவரிடம் போனாள்.

"மொதலாளி, நீங்க புடிச்ச படம் என்னையக் கொன்னுருச்சு. இப்ப உசுரு இருக்கிற மாதிரி ஒண்ணு புடிச்சுக் குடுங்க."

இவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். லத்தீப் மாமா சொன்ன மறுமை, இந்த உலகத்திலேயே சேற்றுக்காலோடு வந்து நின்றால் யாருக்குத்தான் வெளுக்காது? தகடு மரத்திலா காய்க்கிறது என்று இந்தத் தடவை இவர் கேட்கவில்லை.

ஆனால் உயிர் இருப்பதை எப்படிக் காட்டுவது? நிற்க வைத்து எடுக்கலாம் என்றார் இவர். பிணத்தையும் கம்பு கட்டி நிற்க வைப்பார்கள் என்றான் அழகர். கண்ணைத் திறந்திருக்கட்டும் என்றேன் நான். செத்தவர்களுக்குப் படக்கடையில் கண் வரைந்து கொடுக்கிறார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்றான். பொய்யில்லை, வரைகிறவளே நான்தான். அந்த மனுஷன் ஒவ்வொன்றையும் தட்டிவிட்டபோது எனக்கு அவனை உதைக்கலாம் போலிருந்தது. ஆனால் ஊர் எப்படி நினைக்கும் என்பது அவனுக்குத்தானே தெரியும்.

இவர் அலுத்துப்போய்த் தனக்குத்தானே முணுமுணுத்தார். உயிருள்ளது அசையும், அசைந்தால் படம் கெட்டுப்போகும், கெட்டுப்போன படத்தை வைத்து என்ன செய்வது என்று. இராக்கம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அசைந்தால் எப்படிக் கெடும் என்று கேட்டாள். புகை மாதிரி விழும் என்றார். அப்படியென்றால் அசைகிறது ஒன்றைக் கையில் கொடுங்கள், நான் அசையாமல் நிற்கிறேன் என்றாள். செத்தவள் கை துடிக்கிற சேவலைப் பிடிக்குமா?

நான் மழையில் கொல்லைக்கு ஓடி, கூடையைக் கவிழ்த்துச் சேவலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவள் இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரும்புக் கவை வேண்டாம் என்றாள். வெளிச்சமே இல்லை, மூடியை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. சேவல் அடித்த அடியில் மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அவள் அசையவில்லை, இமைக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, அதையும் விழவிடவில்லை. கமராவைப் பார்த்தல்ல, கடலுக்கு அப்பால் இருக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் நின்றாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

தகட்டில் அவள் செதுக்கின மாதிரி விழுந்திருந்தாள். கையிலே சேவலின் தலையும் இல்லை, உடம்பும் இல்லை. அவள் பிடியில் சேவற்கால் இரண்டும், மேலே சிறகடித்த வெண்புகையும் மட்டும் இருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இதைப் பார்த்து யார் செத்தவள் என்பார்கள்? அழகர்கூட ஒப்புக்கொண்டான். படத்தைத் துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதை அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு புறப்பட்டான்.

அதோடு பேச்சு மூச்சு இல்லை.

கடை வாசல் கண்ணாடிக் கூட்டில் இவர் அதன் பிரதி ஒன்றை வைத்தார். யாரோ ஒரு துரை வாங்கிக் கொழும்புக்குக் கொண்டு போனார், அட்டை வந்தது. இராக்கம்மா மாரியம்மன் தேருக்கு வருகிறபோதெல்லாம் எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். செய்தி ஏதும் வந்ததா என்று நான் கேட்கமாட்டேன், அவளே இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவாள். பிள்ளையை விட்டுப் போனவள்தானே என்று ஆத்தாளுக்குக் கோபம், அதனால்தான் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கூப்பிட்டால் துண்டு இல்லாவிட்டாலும் காட்டு வழியே ஓடிவிடுவேன் என்பாள். கூப்பிடாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? வருஷங்கள் ஓடி அவள் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. சீமையில் பெரிய சண்டை நடந்து முடிந்துகூடச் சில மாதம் ஆகியிருக்கும்.

அப்போதுதான் ஒருநாள் அவள் ஒரு வாலிபனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். மீசை அரும்பின பையன். நெற்றியில் திருநீறு, கழுத்தில் சின்னத் துணிப்பை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, இவன் எம்மவன். நாந்தான் இவன் ஆத்தான்னு நீங்க சொல்லுங்க. நாஞ் சொன்னா நம்பமாட்டேங்கிறான்."

மாடசாமி, கப்பலேறுமுன் நோய் பார்க்க நிறுத்திவைக்கிற மண்டபம் முகாமில் கிடந்து, பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கி நடந்து வந்திருக்கிறான். இன்ன தோட்டத்துக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்து வந்தது, செத்துப்போன ஆத்தாளைப் புதைத்த இடத்தில் சூடம் கொளுத்தத்தான். கூலி ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் போய் இராக்கம்மாவின் குழி எங்கே என்று கேட்டால், ஜனங்கள் இராக்கம்மாவையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பேய் என்று நினைத்தானோ, பைத்தியக்காரி என்று நினைத்தானோ, அவன் எட்டத்திலேயே நின்றுவிட்டான்.

எங்கள் கடையில் உட்கார்ந்துதான் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அழகர் தூத்துக்குடியில் கப்பலிறங்கி, அங்கேயே பேதி கண்டு செத்துப்போனான். அவன் மூட்டையை மட்டும் யாரோ புண்ணியவான் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தான். பிரித்தால் படம். எரித்து முடித்தவள் இப்போது எழுந்து நிற்கிறாள், கண் தெறிக்க முறைக்கிறாள், கையில் சேவல் புகையாய்த் துடிக்கிறது. கொண்டுவந்தவனோ வழியிலேயே பிணம். சொல்ல வேண்டிய சொல் தூத்துக்குடி மண்ணுக்குள் போய்விட்டது, படம் மட்டும் தானாகப் பேசியது. ஊர் நடுங்கிப் போய்க் கோடாங்கியைக் கூப்பிட்டது. அவன் உடுக்கை அடித்து, இராக்கம்மா பசியோடு வந்திருக்கிறாள், சேவல் கேட்கிறாள் என்றான். வேப்ப மரத்தடியில் கல் நட்டார்கள். ஆடிக்கு ஆடி செஞ்சேவல் அறுக்கிறார்கள். அதன் பிறகு ஊரில் பேதி வரவில்லையாம். இவன் சாமி பெற்ற பிள்ளை என்று பெயர் வாங்கி வளர்ந்தான். கழுத்துப் பையிலிருந்தது அந்தக் கல்லின் மேலிருந்து எடுத்த திருநீறு.

இராக்கம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். தன்னுடைய ஆத்தாள் இருக்கிறாளா என்று மட்டும் கேட்டாள். போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றான்.

இவர் உள்ளே போய்ப் பழைய தகடுகள் இரண்டையும் எடுத்துவந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நான் அவளுடைய மணிக்கட்டைத் திருப்பி, சேவல் கீறின தழும்பைக் காட்டினேன். துண்டு கிடைக்காததையும், காலில் விழுந்ததையும், அழகர் இருமியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். பையன் தகட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பிவிட்டான், எனக்குத் தெரிந்தது. இனி ஆத்தா என்று விழுந்து அழுவான் என்றுதான் நினைத்தேன். அவன் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"செத்தவ வரலைன்னு கல்லுகிட்ட உக்காந்து எவ்வளவோ அழுதுருக்கேன்," என்றான். "செத்துட்டா, பாவம் அவ என்ன செய்வா, சாமியா வந்துதான் நம்மளப் பாத்துக்கிறாள்னு மனசத் தேத்திக்குவேன். உசுரோட இருந்துட்டு வராதவளுக்கு நான் என்னான்னு மனசத் தேத்துறது?"

அவன் கெட்டவன் இல்லை. அவன் வைத்திருந்த ஆத்தாளை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அந்த நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்டோம், அதற்குப் பதில் கொடுத்தது ஒரு நரைத்த பொம்பளையை. அவள், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அவனிடம் கேட்டாள். கூலிக்காரி துரையிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். அவன் எழுந்து போய்க் கமராவுக்கு முன்னால் நின்றான்.

அன்றைக்கும் மழை இருட்டு. அவள் பழையபடி நேராக நிமிர்ந்து, இமைக்காமல் நின்றாள். கை மட்டும் அவன் தோளருகே போய், தொடாமல் நின்றது. இவர் மூடியைக் கழற்றினார். பாதியிலேயே மாடசாமி கழுத்துப் பையைக் கழற்றி, அவள் காலடியில் வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டான். படம் முடியுமட்டும் அவள் திரும்பவில்லை. அசைந்தால் கெட்டுவிடும் என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

அவன் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. மொனராகலைப் பக்கம் ரப்பருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அங்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அடுத்த தேருக்கு அவள் வந்தபோது இவர் படத்தைக் கொடுக்கத் தயங்கினார். கெட்டுப்போச்சு, பையன் விழவில்லை என்றார். அவள் விடாமல் கேட்டு வாங்கினாள். அவள் இருந்தாள், தெளிவாக. பக்கத்தில் ஒரு மங்கல், கதவுப் பக்கமாக இழுபட்ட புகை. முகம் என்று ஒன்று இல்லை. அந்த மங்கலை அவள் விரலால் மெல்லத் தடவினாள். அவள் நெற்றியில், அவன் விட்டுப்போன பையிலிருந்த திருநீறு இருந்தது.

"நல்லாத்தான் விழுந்திருக்கான், அம்மா. சேவலு மாதிரியே ஆடியிருக்கான் பாருங்க," என்றாள். "உசுரோட இருக்கான்."

படத்தை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை எங்கள் வாசலில் நின்றுவிட்டு, தோட்டத்துக்கு நடந்து போனாள்.